பாலமும் கடிதமும்: டூர் போட்டோவிலிருந்து ஒரு போர்க்கால நினைவுப் படம்

டூர் போய் வந்தவர்களின் கம்ப்யூட்டரில் 'ஊட்டி', 'தாய்லாந்து' என்று பல போல்டர்கள் இருக்கும். வந்த புதிதில் ஒருமுறை எல்லோரையும் உட்கார வைத்துக் காட்டுவதோடு சரி. பிறகு யாரும் அந்தப் போல்டரைத் திறப்பதில்லை. அந்தப் படங்களில் ஒன்றைக் கம்ப்யூட்டரில் மாற்றியமைத்து, போர்க்கால நினைவைச் சொல்லும் கலைப் படமாக்குவது எப்படி என்று இங்கு பார்க்கலாம். இதற்குத் தேவை 'கிம்ப்' என்னும் புரோகிராம் மட்டுமே. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் இயங்கும்; முற்றிலும் இலவசம்.

நான் எடுத்துக்கொண்டது தாய்லாந்தின் காஞ்சனபுரி பாலத்தின் போட்டோ. பாங்காக்கிலிருந்து சுமார் 130 கி.மீ. தூரம். க்வாய் நதிப் பாலம் என்றால் பழைய ஆங்கில சினிமா ரசிகர்களுக்கு உடனே தெரியும். (1957இல் வந்த அந்தப் படத்தின் பாலம் தாய்லாந்தில் எடுக்கப்பட்டதே அல்ல, இலங்கையின் கித்துல்கலவில் எடுத்தார்கள்.) சயாம் - பர்மா ரயில் பாதைக்காக ஜப்பானிய ராணுவம் கட்டிய பாலம் இது. பாதையின் நீளம் 415 கி.மீ. 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்துவிட்டார்கள்.

வேலை செய்த போர்க்கைதிகள் 60,000க்கும் மேல். அவர்களில் 12,000க்கும் அதிகமானோர் இறந்தார்கள். காஞ்சனபுரி போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறக்குறைய 7,000 கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. ஆனால் ஆசியத் தொழிலாளர்கள் 1,80,000 பேருக்கும் மேல் என்றும், இறந்தவர்கள் 90,000 வரை இருக்கலாம் என்றும் ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். அவர்களில் மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர்கள் ஏராளம். இவர்களுக்குப் பெயர் எழுதிய கல்லறைகள் இல்லை. தமிழர்களுக்காக அங்கே ஒரு நடுகல் நாட்டப்பட்டது 2023இல்தான்.

சேலத்தில் இருந்துகொண்டு இதை ஏன் செய்ய வேண்டும் என்று கேட்கலாம். அந்தத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் பிடித்த மாவட்டங்களில் அன்றைய சேலம் மாவட்டமும் ஒன்று. நாமக்கல்லும் அப்போது சேலத்தோடு சேர்ந்ததுதான். ஃபேர்லேண்ட்ஸில் எங்கள் தெருப் பெரியவர் ஒருவர், நான் காட்டிய பாலத்தின் படத்தை வெகு நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, எங்க பெரியப்பா மலாயாவுக்குப் போனவர். 1941க்கு அப்புறம் கடுதாசியே வரலை" என்றார். மறுநாள் கடைசியாக வந்த கடிதத்தையும் கொண்டு வந்து கொடுத்தார். இந்தக் கடிதம்தான் என் இரண்டாவது படம்.

இப்படிப்பட்ட பழைய தாள்களை ஸ்கேன் செய்கையில் 300 டி.பி.ஐ. போதும், எழுத்து மங்கலாக இருந்தால் 600 வைக்கவும். மடிப்பை அழுத்தி விரிக்காதீர்கள், கிழிந்துவிடும். ஸ்கேனர் இல்லையெனில், ஜன்னல் வெளிச்சத்தில் பிளாஷ் இல்லாமல் மொபைலில் எடுக்கலாம். லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள்.

இனி கிம்ப். முதலில் இரண்டு பைல்களுக்கும் காப்பி எடுத்து, காப்பியில் மட்டுமே வேலை செய்யவும். பாலத்தின் படத்தைத் திறந்த பின், பைல் மெனுவில் 'ஓப்பன் ஆஸ் லேயர்ஸ்' கிளிக் செய்து கடிதத்தைத் தேர்ந்தெடுக்கவும். கடிதம் பாலத்தின் மேல் ஒரு லேயராக வந்து உட்காரும். லேயர் என்பது கண்ணாடித் தாள் போல. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கலாம், கீழே இருப்பது கெடாது. ஸ்கேல் டூல் கொண்டு கடிதத்தைப் பாலத்தின் அளவிற்கு இழுத்துக் கொள்ளவும்.

அடுத்து இரண்டையும் பாய் போல் பின்ன வேண்டும். இந்த யோசனை வியட்நாமில் பிறந்த தின் கியூ லே என்ற கலைஞரிடமிருந்து கிடைத்தது. சிறு வயதில் அகதியாக அமெரிக்கா சென்றவர், 2024இல் காலமானார். தன் அத்தையிடம் கற்ற பாய் முடையும் முறையில், போர்க்காலப் போட்டோக்களைக் கீற்றுகளாக வெட்டிப் பின்னினார். கோரைப் பாய் தெரிந்த நமக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

கடிதத்தின் லேயரில் ரைட் கிளிக் செய்து 'ஆட் லேயர் மாஸ்க்' தேர்ந்தெடுத்து, வெள்ளை மாஸ்க் சேர்க்கவும். மாஸ்க் தேர்வாகி இருக்கும் நிலையில், பில்டர்ஸ், ரெண்டர், பேட்டர்ன், செக்கர்போர்டு என்று வரிசையாகச் செல்லவும். கிடைக்கும் விண்டோவில் வண்ணங்கள் கறுப்பு, வெள்ளை என இருக்கிறதா என்று பாருங்கள். அகலம், உயரம் இரண்டிலும் 100 பிக்ஸல் கொடுத்து ஓகே தட்டவும். வெள்ளைக் கட்டத்தில் கடிதமும் கறுப்புக் கட்டத்தில் பாலமும் தெரியும். அகலத்தை 200 ஆக்கி உயரத்தை 20 ஆக்கினால் கீற்று கீற்றாக வரும். எனக்கு அதுதான் பிடித்தது.

இப்போது பாலத்தைக் கவனியுங்கள். வளைந்த இரும்புச் சட்டங்களுக்கு நடுவே இரண்டு மட்டும் வளைவில்லாமல், பெட்டி போல நிற்கும். 1944 - 45இல் நேச நாட்டு விமானங்கள் குண்டு வீசித் தகர்த்த இடம் அது. போருக்குப் பின் மாற்றி வைத்தவை. மாஸ்க்கில் மென்மையான கறுப்பு பிரஷ்ஷால் அந்த இரண்டின் மேலும் தடவினேன். கடிதம் அங்கே விலகி, பெட்டிகள் மட்டும் முழுசாகத் தெரிந்தன. தவறிப் போனால் வெள்ளையால் தடவினால் திரும்ப வந்துவிடும்.

படத்தைப் பழுப்பாக்கிப் பழைய படம் போலச் செய்வது பலருக்கும் ஆசை. நான் செய்யவில்லை. பாலத்தின் மேல் குடை பிடித்து நின்ற சுற்றுலாப் பயணியைக்கூட அழிக்கவில்லை. பழுப்பாக்கி, ஆட்களை அழித்து அனுப்பினால், நாலாவது ஆளிடம் போகும்போது அது '1943இல் எடுத்த அபூர்வப் படம்' ஆகிவிடும். அப்படி ஏதாவது உங்களுக்கு வந்தால் பெட்டிச் சட்டங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் போருக்குப் பிந்தைய படம். அதேபோல, ஏ.ஐ. புரோகிராமிடம் சொன்னால் நொடியில் தொழிலாளர் முகங்களை வரைந்து கொடுக்கும். பெரியவரிடம் பெரியப்பாவின் போட்டோவே கிடையாது. நாளைக்கு அவர் பேரப்பிள்ளைகள் அந்தக் கற்பனை முகத்தைத்தான் அவர் என்று நம்புவார்கள்.

இன்னொன்று, பெரியப்பா அந்த ரயில் பாதைக்குத்தான் போனார் என்பதற்குச் சான்று எதுவும் இல்லை. ஆகவே டெக்ஸ்ட் டூல் மூலம் படத்தின் அடியில் இப்படி எழுதினேன்: 'காஞ்சனபுரி பாலத்தின் இன்றைய போட்டோவும், மலாயாவிலிருந்து 1941இல் வந்த கடிதமும் கம்ப்யூட்டரில் இணைக்கப்பட்டவை'. பெரியவர் படித்துப் பார்த்து, "இது போதும்" என்றார்.

சேவ் செய்தால் கிம்ப் தன் எக்ஸ்.சி.எப். பார்மட்டில் சேமிக்கும். லேயர்கள் அதில்தான் தனித்தனியாக இருக்கும். அதைத் தூக்கிப் போடாதீர்கள். பிரிண்ட் போட 'எக்ஸ்போர்ட் ஆஸ்' மூலம் ஜேபெக் ஆக்கவும். 4000க்கு 3000 பிக்ஸல் படம் 300 டி.பி.ஐ.யில் ஏறக்குறைய 13க்கு 10 அங்குலம் வரும். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் சுருங்கிவிடும். டாகுமெண்ட்டாக அனுப்பினால் பைல் அப்படியே போய்ச் சேரும்.