மதிப்பெண்ணும் தரமும்: இங்கிலாந்து நாட்டுப் பள்ளித் தேர்வுகள் காட்டும் உண்மை

மதிப்பெண்ணும் தரமும் ஒன்றெனவே பலரும் கருதுவர். நுணுகி நோக்கின் இரண்டும் வேறு வேறு என்பது புலனாகும். மதிப்பெண் ஒரு வினாத்தாளுக்கு உரியது. வினாத்தாள் எளிதாயின் அது மிகும், அரிதாயின் குறையும். தரமோ மாணவரின் தகுதிக்கு உரியது. ஆண்டு மாறினும் வினாத்தாள் மாறினும் அதன் பொருள் மாறாது நிற்றல் வேண்டும். சென்ற ஆண்டு 70 பெற்றவரும் இவ்வாண்டு 64 பெற்றவரும் ஒத்த தகுதியினராக இருத்தல் கூடும். அவ்வாறாயின், எந்த மதிப்பெண்ணில் எந்தத் தரம் தொடங்கும் என்னும் வரம்பை யார், எதனைக் கொண்டு வகுப்பது?

இவ்வினாவிற்கு இங்கிலாந்து நாட்டினர் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு விடை கண்டனர். அங்கே 16 வயதினர் எழுதுவது ஜி.சி.எஸ்.இ. தேர்வு, 18 வயதினர் எழுதுவது ஏ-லெவல் தேர்வு. பல்கலைக்கழக இடம் கிடைப்பதும் கிடையாமையும் பின்னதில் பெறும் தரத்தைப் பொறுத்தன. ஆதலின் வரம்பு ஓர் எண் தவறினும் ஒருவர் வாழ்வின் திசை மாறுதல் கூடும். அந்நாட்டினர் கண்ட விடைகளை முறையே நோக்குவாம்.

1. பங்கீட்டு முறை

ஏ-லெவல் தேர்வுக்கு 1963இல் ஒரு வழிகாட்டு நெறி வகுக்கப்பட்டது. தேர்வு எழுதுவோருள் நூற்றுக்கு 10 பேர்க்கு ஏ, 15 பேர்க்கு பி, 10 பேர்க்கு சி, 15 பேர்க்கு டி, 20 பேர்க்கு இ என்பது அந்நெறி. எஞ்சியோருள் 20 பேர் கீழ்நிலைத் தேர்ச்சி பெறுவர். 10 பேர் தவறுவர். வினாத்தாளின் அருமை எளிமை இம்முறையைத் தாக்குவதில்லை. எத்தாளாயினும் முதற் பத்தின்மர்க்கே ஏ உரியது. இஃது இதன் நலம்.

இதன் குறை இரண்டு. மாணவர் அனைவரும் ஓராண்டில் சிறந்து விளங்கினும் ஏ பெறுவோர் தொகை ஏறத்தாழ அதுவாகவே நிற்கும். எனவே தரம் தகுதியைக் காட்டாது வரிசையையே காட்டும். இனி, மாணவர் பெரும்பாலோரின் மதிப்பெண் நடுவில் குவிவது இயல்பு. அக்குவியலினூடே நூற்றுக்குப் பத்து என்று வரம்பு கீறின், பிக்கும் டிக்கும் இடையே சில மதிப்பெண்களே எஞ்சும். திருத்துவோர் கைம்மாறினும் மாறத்தக்க சில எண்கள் இரண்டு தரங்களைப் பிரித்துவிடும் என்க.

2. தேர்வாளர் துணிபு

இக்குறைகள் பற்றி 1987இல் முறை மாற்றப்பட்டது. மூத்த தேர்வாளர் விடைத்தாள்களைப் படித்து, பி, இ ஆகிய தரங்களின் வரம்பைத் தம் துணிபால் வகுத்தனர். இடைப்பட்ட தரங்கள் மதிப்பெண் அளவில் சமமாகப் பகுக்கப்பட்டன. புலமை உடையார் கண்ணே சிறந்த அளவுகோல் என்பது இதன் அடிப்படை.

ஆயினும் அக்கண்ணிற்கும் ஓர் இயல்பான மயக்கம் உண்டு. குட், கிரெசுவெல் என்னும் ஆய்வாளர் இருவர் 1988இல் அதனை எடுத்துக்காட்டினர். எளிய வினாவிற்கு எழுதிய நல்ல விடை, அரிய வினாவிற்கு எழுதிய குறையுள்ள விடையினும் மேலானதாகவே தேர்வாளர்க்குத் தோன்றுகிறது. வினாவின் அருமையை அவர் அறிவர். எனினும் அதற்குரிய அளவு கழிவு அளிப்பதில்லை. 1963இன் நெறி நூற்றுக்குப் பத்தாக நிறுத்திய ஏ தரம், 2010இல் ஏ-ஸ்டார் உட்பட 27 ஆயிற்று. மாணவர் உயர்ந்தனரா, அளவுகோல் தளர்ந்ததா என்பதைத் தேர்வு முடிவைக் கொண்டே பிரித்தறிய இயலவில்லை.

3. ஒப்புநோக்கு முறை

இதன்பின், 2010ஐ அடுத்த ஆண்டுகளில், தேர்வுகளை ஒழுங்குபடுத்தும் ஆஃப்குவால் அமைப்பு மூன்றாவது வழியை வலியுறுத்தியது. இவ்வாண்டு எழுதுவோர் முன்னைத் தேர்வில் எத்தகையோராக இருந்தனர் என்பது முதலில் நோக்கப்படும். அக்குழு முந்தைய குழுவை ஒத்திருப்பின், முடிவும் ஒத்திருத்தல் வேண்டும் என்பது கொள்கை. புள்ளியியல் ஒரு மதிப்பெண் எல்லையைச் சுட்டும். தேர்வாளர் அவ்வெல்லையில் உள்ள விடைத்தாள்களைப் படித்து ஒப்புவர் அல்லது மாற்றம் வேண்டுவர். எண்ணும் கண்ணும் ஒன்றையொன்று திருத்துமாறு அமைந்தது இம்முறை.

ஜி.சி.எஸ்.இ. தேர்வில் 2017 முதல் படிப்படியாக எழுத்துத் தரங்கள் நீங்கி, 9 முதல் 1 வரையான எண் தரங்கள் வந்தன. இவற்றுள் 7, 4, 1 ஆகிய மூன்றன் வரம்புகளே மேற்கூறியவாறு வகுக்கப்படும். பழைய ஏ 7இன் அடியோடும், பழைய சி 4இன் அடியோடும் பொருத்தப்பட்டமையால் தொடர்ச்சி காக்கப்பட்டது. இடைப்பட்டன கணக்கால் அமையும். சான்றாக, 4இன் வரம்பு 38 எனவும் 7இன் வரம்பு 62 எனவும் கொள்வோம். இடைவெளி 24, மூன்றால் வகுப்பின் 8. எனவே 5 என்னும் தரம் 46இலும், 6 என்னும் தரம் 54இலும் தொடங்கும்.

மாணவர் உண்மையாகவே முன்னேறினும் இம்முறை அதனை மறைத்துவிடாதோ எனின், அவ்வையம் தக்கதே. அதனைப் போக்க, ஆங்கிலத்திலும் கணிதத்திலும் ஆண்டுதோறும் ஏறத்தாழ மாறாத வினாக்களைக் கொண்ட தனித்தேர்வு ஒன்று 2017 முதல் மாதிரிப் பள்ளிகளில் நடத்தப்பெறுகிறது.

4. 2020இன் படிப்பினை

கொள்ளை நோயால் 2020இல் தேர்வுகள் நடைபெறவில்லை. ஆசிரியர் மாணவரை வரிசைப்படுத்தித் தந்தனர். பள்ளியின் முந்தைய ஆண்டுகளின் முடிவைக் கொண்டு கணக்கு நெறி ஒன்று தரங்களைப் பங்கிட்டது. ஆகஸ்ட் 13இல் ஏ-லெவல் முடிவு வெளிவந்தபோது, ஆசிரியர் மதிப்பிட்ட தரங்களுள் நூற்றுக்கு 40 அளவினவை குறைக்கப்பட்டிருந்தன. நாட்டின் மொத்த அளவு முந்தைய ஆண்டுகளை ஒட்டியே நின்றது. ஆனால் முன்னர் நன்முடிவு காணாத பள்ளியில் பயின்ற நன்மாணவர்க்கு அப்பள்ளியின் பழைய வரலாறே தடையாயிற்று. எதிர்ப்பு எழவே, ஆகஸ்ட் 17இல் அந்நெறி கைவிடப்பட்டது.

ஆசிரியர் மதிப்பீட்டையே கொண்ட 2021இல் மற்றொரு கோடி காணப்பட்டது. ஏ-லெவல் தேர்வில் ஏ, ஏ-ஸ்டார் தரங்கள், 2019இல் நூற்றுக்கு 25.4 ஆக இருந்தவை, 44.8 ஆயின. தேர்வுகள் மீண்டபின் 2023இல் அவை 27.2க்கு இறங்கின. எழுதிய விடை இல்லாவழி எண் தனித்து நின்று பிழைத்தது. ஒப்பளவு இல்லாவழிக் கண் தனித்து நின்று பிழைத்தது.

5. இலக்கியத் தேர்வின் நிலை

இலக்கியம் பயிற்றுவார் சிறப்பாகக் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. மூத்த தேர்வாளர் தரும் தரத்தையே மாணவர் பெறுவதற்கு உள்ள வாய்ப்பை ஆஃப்குவால் 2018இல் ஆராய்ந்து வெளியிட்டது. கணிதத்தில் அது நூற்றுக்கு 96. ஆங்கில மொழியும் இலக்கியமும் இணைந்த பாடத்தில் 52. இது திருத்துவோரின் சோர்வன்று. ஒரு கட்டுரைக்கு ஒருவர் 14 இட, மற்றொருவர் 16 இடுவது நேரிய கருத்து வேறுபாடே. அவ்வேறுபாட்டினும் தரங்களின் இடைவெளி குறுகுமிடத்து, தரம் விடையைக் காட்டாது, திருத்தியவரையே காட்டும்.

ஆகவே தரங்களை மேலும் மேலும் நுண்ணியவாகப் பகுப்பது நுட்பம் ஆகாது. திருத்துவோரின் இயல்பான வேறுபாட்டை முன்னர் அளந்தறிந்து, அதனினும் அகன்ற இடைவெளியில் வரம்பு வகுத்தலும், வரம்பை ஒட்டிய விடைத்தாள்களை மற்றொருவர் மீளப் படித்தலும் செய்யத்தக்கன. மதிப்பெண்ணைத் தரமாக்குதல் வெறும் கணக்கன்று; கணக்கின் துணையோடு செய்யும் மதிப்பீடு. அம்மதிப்பீட்டின் எல்லையை உணர்ந்து வகுத்த தரமே நேர்மையான தரம் என்பது இதனால் பெறப்படும்.