தேடித் தருபவரே கடைக்காரர் ஆனால்?

கல்யாணத் தரகர் ஒருவரை வீட்டுக்கு அழைக்கிறீர்கள். மகளுக்கு வரன் பார்க்க வேண்டும். அவர் பையைத் திறந்து பத்து ஜாதகங்களை எடுத்து வைக்கிறார். முதலில் உங்கள் கையில் கொடுப்பது அவருடைய சொந்த அண்ணன் மகனின் ஜாதகம். பையன் தங்கமானவனாகவே இருக்கலாம். ஆனாலும், "இவர் உங்களுக்கு என்ன உறவு?" என்று ஒரு வார்த்தை கேட்காமல் இருப்பீர்களா?

தரகரிடம் கேட்கும் இந்தக் கேள்வியை நாம் கைப்பேசியிடம் கேட்பதில்லை. ஜோர்ஜ் டவுனில் இரண்டு நாள் தங்க விடுதி வேண்டுமா, சென்னைக்கு விமானச் சீட்டு வேண்டுமா, மகனுக்கு மேற்படிப்புக்கு இடம் வேண்டுமா, தோட்டத்திலும் பட்டணத்திலும் இன்று எல்லோரும் நாடுவது கூகுளைத்தான். என் வகுப்புப் பிள்ளைகளிடம், "இது சரி என்று உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டால், "கூகுள்ல முதல்ல வந்துச்சு டீச்சர்" என்பார்கள். முதலில் வந்தது என்பதே அவர்களுக்குச் சாட்சி. பிள்ளைகளைச் சொல்வானேன்? பெரியவர்களும் அப்படித்தான்.

கூகுளின் வருமானம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்ப்போம். 2023ஆம் ஆண்டில் அதன் தாய் நிறுவனமான ஆல்பபெட்டின் மொத்த வரவில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் விளம்பரங்களிலிருந்து வந்தது. அதாவது, தேடித் தருவது நமக்கு இலவசம். வழியில் தென்படும் கடைகளிடம் காசு. இதில் ஆபத்து உண்டென்பதை எழுதியவர்களே அந்தத் தேடுபொறியை உருவாக்கிய செர்கே பிரினும் லாரி பேஜும்தான். மாணவர்களாக இருந்த அவர்கள் 1998இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில், விளம்பரத்தை நம்பி நடக்கும் தேடுபொறி விளம்பரதாரர் பக்கம் சாயும் என்று குறிப்பிட்டிருக்கிறார்கள். பிறகு கட்டுரை ஒரு பக்கமும் கம்பெனி மறுபக்கமுமாகப் போய்விட்டது!

முதல் இடம் என்றால் அப்படி என்ன பெருமை என்று கேட்கலாம். ஐரோப்பிய ஆணையம் 2017இல் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். கணினியில் தேடுகிறவர்களின் சொடுக்குகளில் சுமார் 95 விழுக்காடு முதல் பக்கத்துப் பத்து முடிவுகளுக்கே போய்ச் சேருகிறது. இரண்டாம் பக்கத்தின் முதல் முடிவுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 1 விழுக்காடு. நம் லெபோ சூலியாவில் சிறிய தங்கும் விடுதி நடத்துபவரோ, லிட்டில் இந்தியாவில் கல்யாண மாலை கட்டுபவரோ இரண்டாம் பக்கத்தில் இருந்தால், கடையைத் திறந்து வைத்திருந்தும் சாத்தி வைத்திருப்பதற்குச் சமம்.

இந்த வழக்கை இந்தியாவில் தொடங்கியது ஒரு தமிழரின் கல்யாணக் கம்பெனி. சென்னையைச் சேர்ந்த முருகவேல் ஜானகிராமன் அமெரிக்காவில் கணினித் துறையில் பணியாற்றிக்கொண்டிருந்தபோது, 1997இல் அங்குள்ள தமிழர்களுக்காக ஓர் இணையப் பக்கம் தொடங்கினார். அதில் பண்டிகை, நாள்காட்டி என்று பல பகுதிகள் இருந்தாலும், கூட்டம் சேர்ந்தது வரன் பார்க்கும் பகுதியில்தான். அதுவே பின்னர் 'பாரத் மேட்ரிமோனி'யாக வளர்ந்தது. அவர் தம் துணைவியைக் கண்டுபிடித்ததும் அந்தப் பக்கத்தின் மூலமாகத்தான். உரிமையாளருக்கு முதல் சலுகை என்பதற்கு இதைவிட இனிமையான உதாரணம் கிடையாது. இதில் யாருக்கும் நட்டமும் இல்லை.

அந்த நிறுவனத்தின் மனக்குறை இதுதான். ஒருவர் 'தமிழ் மேட்ரிமோனி' என்று அதன் பெயரையே தட்டித் தேடினாலும், போட்டிக் கம்பெனிகளின் விளம்பரங்கள் கூடவே வந்து நின்றன. ஏனென்றால் தேடும் சொற்களையே கூகுள் ஏலத்தில் விட்டது. பெயருக்கு உரியவர்கூடத் தம் பெயரின் அருகே நிற்பதற்கு ஏலம் கேட்க வேண்டிய நிலை. விவகாரம் சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போனது. 2010 செப்டம்பரில், 'தமிழ்', 'மேட்ரிமோனி' போன்றவை பொருளைக் குறிக்கும் பொதுச் சொற்கள் என்பதால் பிறர் அவற்றைப் பயன்படுத்தத் தடை விதிக்க முடியாதென்று நீதிபதி மறுத்துவிட்டார்.

நிறுவனம் விடவில்லை. 2012இல் இந்தியப் போட்டி ஆணையத்திடம் புகார் கொடுத்தது. இதே போன்ற புகாரை ஒரு பயனீட்டாளர் அமைப்பும் கொடுத்திருந்தது. ஆறு ஆண்டு விசாரணைக்குப் பின், 2018 பிப்ரவரி 8ஆம் தேதி தீர்ப்பு வந்தது: கூகுளுக்கு 135.86 கோடி ரூபாய் அபராதம்!

ஆனால் வேடிக்கையைக் கேளுங்கள். கல்யாண விளம்பரச் சொற்களை ஏலம் விட்ட விஷயத்தில் தவறு எதுவும் இல்லையென்று ஆணையம் ஒதுக்கிவிட்டது. பிடிபட்டது வேறு. 'இந்த ஊரிலிருந்து அந்த ஊருக்கு விமானம்' என்று ஒருவர் தேடினால், பக்கத்தில் கண்ணைக் கவரும் இடத்தில் கூகுளின் சொந்த விமானப் பெட்டி வந்து நின்றது. அதைத் தொட்டால் கூகுளின் சொந்த விமானப் பக்கத்துக்கே கொண்டுபோய் விட்டது. மற்ற பயணக் கம்பெனிகள் ஓரங்கட்டப்பட்டன. தேடுகிறவருக்கு இது கூகுள் வீட்டுச் சாமான் என்பது விளங்கவில்லை. இன்னொன்றையும் ஆணையம் சுட்டியது. 2010க்கு முன்பு சில வகை முடிவுகளுக்கு 1ஆம், 4ஆம், 10ஆம் இடங்கள் முன்கூட்டியே ஒதுக்கப்பட்டிருந்தனவாம். தகுதி பார்த்து வரிசை என்று நாம் நம்பிய இடத்தில் இப்படி ஓர் ஒதுக்கீடு. தீர்ப்பு ஏகமனதாக வரவில்லை. ஆறு உறுப்பினர்களில் இருவர் உடன்படவில்லை. கூகுளும் மேல்முறையீட்டுக்குப் போனது.

விமானச் சீட்டில்தான் மாட்டினார்கள் என்பதைப் படித்தபோது எனக்கு ஒரு பழைய சங்கதி நினைவுக்கு வந்தது. இணையம் பரவுவதற்கு முன்பே, அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம் 'சேபர்' என்ற கணினி முறையைப் பயண முகவர்களின் மேசைகளில் வைத்தது. முகவர் பட்டனைத் தட்டினால் எல்லாக் கம்பெனிகளின் விமானங்களும் திரையில் வரும். ஆனால் மேலே நிற்பவை அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானங்கள். முகவர்களுக்கு அவசரம், பெரும்பாலும் முதல் திரையில் உள்ளதையே பதிவு செய்துவிடுவார்கள். அமெரிக்க அரசு 1984இல் விதி போட்டு இந்தப் பாரபட்சத்தைத் தடுத்தது. ஆக, நோய் புதிதல்ல, மேசைதான் மாறியிருக்கிறது.

நமக்கு அமெரிக்கா வரை போக வேண்டியதுகூட இல்லை. அந்தக் காலத்தில் பல தோட்டங்களில் கங்காணியே கடையும் வைத்திருந்தார் என்பதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஆள் கணக்கைப் பார்ப்பவரும் அவரே, அரிசி பருப்புக்குக் கடன் எழுதுபவரும் அவரே. அந்தக் கடையில் விலை ஏன் கூடுதல் என்று யார் கேட்பது? இரண்டு வேலையும் ஒரே கையில் இருந்ததுதான் சங்கடம்.

கூகுள் தரப்பிலும் நியாயம் உண்டு. கேட்டவுடன் வரைபடமும் விமான நேரமும் கண்முன் வந்தால் மக்களுக்கு வசதி, பத்துப் பக்கங்களைத் திறந்து பார்க்க வேண்டியதில்லை என்கிறார்கள். அமெரிக்க வணிக ஆணையம் இந்தப் பாரபட்சப் புகாரை விசாரித்து, செய்த மாற்றங்கள் சேவையை மேம்படுத்தியதாகவும் கொள்ளலாமென்று 2013 ஜனவரியில் கோப்பை மூடிவிட்டது. வசதி உண்மைதான், நானும் அந்தப் பெட்டியைப் பார்த்துத்தான் நேரம் தெரிந்துகொள்கிறேன். ஆனால் ஓட்டப் பந்தயத்தில் நடுவராக நிற்பவரே ஓடவும் செய்தால், அவர் வேகமாக ஓடுபவர் என்பது சமாதானமாகுமா?

ஐரோப்பாவில் இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் ஒரு தம்பதி. பிரிட்டனைச் சேர்ந்த ஆடம் ராஃப், ஷிவோன் ராஃப் இருவரும் 2006இல் 'ஃபவுண்டெம்' என்ற விலை ஒப்பிடும் பக்கத்தைத் தொடங்கினார்கள். தொடங்கிய சில நாட்களிலேயே கூகுள் தேடலில் அது அதலபாதாளத்துக்கு இறங்கியது. 2009இல் ஐரோப்பிய ஆணையத்திடம் முறையிட்டார்கள். கூகுள் தன் சொந்த விலை ஒப்பீட்டுச் சேவையை மேலே வைத்து, போட்டிச் சேவைகளைக் கீழே தள்ளியது என்று கண்ட ஆணையம் 2017 ஜூனில் 242 கோடி யூரோ அபராதம் விதித்தது. போட்டிச் சேவைகளில் மிக உயர்ந்த இடம் பெற்றதுகூடச் சராசரியாக நான்காம் பக்கத்தில்தான் இருந்ததாம். கூகுள் மேல்முறையீடு செய்து, கடைசியில் 2024 செப்டம்பர் 10ஆம் தேதி ஐரோப்பிய நீதிமன்றம் அபராதத்தை உறுதி செய்தது. முறையிட்டதிலிருந்து சுமார் 15 ஆண்டு! அதற்குள் அந்தத் தம்பதியின் நிறுவனம் 2016இலேயே மூடப்பட்டுவிட்டது.

நம் நாட்டில் 2010ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம் 2012 ஜனவரி முதல் தேதியிலிருந்து நடப்பில் இருக்கிறது. சந்தையில் ஆதிக்கம் பெற்றவர் அதைத் தவறாகப் பயன்படுத்தக் கூடாது, மீறினால் உலகளாவிய வரவில் 10 விழுக்காடு வரை அபராதம் விதிக்கலாம் என்கிறது அது. சட்டம் இருக்கிறது. ஆனால் லெபோ பாசாரில் மாலை கட்டுகிறவர் 15 ஆண்டு காத்திருக்க முடியாதே.

வரன் பார்க்கும் பெற்றோருக்கு இதையும் சொல்லிவிடுகிறேன். பெயரைத் தட்டித் தேடும்போது மேலே வருவதில் 'ஸ்பான்சர்ட்' என்று சிறிய எழுத்து இருந்தால் அது காசு கொடுத்து வாங்கிய இடம். நீங்கள் தேடிய கம்பெனி அதுதானா என்று முகவரியை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, பிறகு மகளின் புகைப்படத்தையும் தொலைபேசி எண்ணையும் கொடுங்கள். ஜோர்ஜ் டவுனில் தங்குவதாக இருந்தால், வரைபடப் பெட்டியில் வந்த விலையைக் குறித்துக்கொண்டு, விடுதிக்கே ஒரு தடவை நேராகத் தொலைபேசியில் பேசிப் பாருங்கள். சில வேளை பத்து இருபது வெள்ளி குறைத்துச் சொல்வார்கள். எடுப்பவர் தமிழராக இருந்தால் பசியாற எங்கே போகலாம் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுவார்.