பிள்ளைகள் ஏற்றும் பச்சைக் கொடி

பள்ளியில் எந்தக் குழாய் ஒழுகுகிறது, ஆளில்லாத எந்த அறையில் விளக்கு எரிகிறது என்பதெல்லாம் பிள்ளைகள் கண்ணில் படாமல் போகாது. அந்தக் கவனத்தை நம்பி நடப்பது ஈக்கோ ஸ்கூல்ஸ் திட்டம். 1992ஆம் ஆண்டு ரியோ டி ஜெனீரோ புவி உச்சி மாநாட்டை அடுத்து, 1994இல் டென்மார்க், ஜெர்மனி, கிரீஸ், பிரிட்டன் ஆகிய நாடுகளில் தொடங்கியது.

சேரும் பள்ளி முதலில் ஒரு சுற்றுச்சூழல் குழு அமைக்க வேண்டும். ஆசிரியர்களும் இருப்பார்கள், முன்னின்று நடத்துவது மாணவர்கள். தொடக்கப் பள்ளிச் சிறுவர்கள்கூடத் தாளும் பென்சிலுமாக வகுப்பு வகுப்பாகப் போய், குப்பைத் தொட்டியில் என்ன விழுகிறது, தண்ணீர் எங்கே வீணாகிறது, மதியச் சாப்பாட்டில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று கணக்கெடுப்பார்கள். எதை முதலில் சரிசெய்வது என்று பேசி முடிவெடுப்பார்கள். பிறகு மறுபடியும் கணக்கெடுத்து, குறைந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒருநாள் மரம் நட்டுப் படம் எடுத்துக்கொள்ளும் விழாவைவிட இந்தக் கணக்கெடுப்பு எத்தனையோ மடங்கு மேல்!

தேறும் பள்ளிக்குப் பச்சைக் கொடி கிடைக்கும். அதையும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை உழைத்துப் புதுப்பிக்க வேண்டும். இன்று இந்தியா உட்பட 70க்கும் மேற்பட்ட நாடுகளின் பள்ளிகள் இத்திட்டத்தில் இருக்கின்றன.