பிளக் பாயிண்ட் எங்கே இருக்கிறது?

சனிக்கிழமை மதியம் திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறி, சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி, நானும் அக்கா மகனும் ரிச்சி தெருவுக்கு நடந்தே வந்துவிட்டோம். அவனுக்கு கேமிங் லேப்டாப் வேண்டும். ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு கல்லூரியில் இரண்டாம் வருடம். படிப்புக்கு பிளெண்டரும் அன்ரியல் எஞ்சினும், ராத்திரியில் வாலரண்ட். நாலு கடை ஏறி இறங்கியதில் தலை சுற்றிப்போய், நரசிங்கபுரம் தெருவில் ஒரு டீக்கடை ஓரமாக ஒதுங்கினோம்.

"எல்லாத்துலயும் 4060-ன்னுதான் மாமா போட்டிருக்கு. ஒண்ணு ரெண்டு கிலோ, இன்னொண்ணு ரெண்டரை கிலோ. கார்டு ஒண்ணுதான்னா எதுக்கு கனமானதை வாங்கணும்?"

சரியான கேள்வி. இதைக் கேட்காமல் பணம் கட்டிவிட்டு, பிறகு வருத்தப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பெயர் ஒன்றாக இருந்தாலும் கார்டு ஒன்றல்ல. என்விடியா இந்த 4060 லேப்டாப் கிராபிக்ஸ் சிப்பை 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எந்த அளவிலும் ஓட்டிக்கொள்ள லேப்டாப் கம்பெனிகளை அனுமதிக்கிறது. 2023-ல் வந்த எம்.எஸ்.ஐ. சைபோர்க் 15-ல் அதற்குக் கிடைப்பது 45 வாட். லேப்டாப்பின் எடை 1.98 கிலோ. அதே வருடம் வந்த லெனோவோ லாக் 15-ல் 115 வாட், எடை 2.4 கிலோ. இரண்டிலும் அதே 8 ஜிபி கிராபிக்ஸ் மெமரி, அதே பச்சை ஸ்டிக்கர். 2017-லிருந்து சில வருடம் மெல்லிய லேப்டாப்பில் போடும் சிப்புக்கு 'மேக்ஸ்-க்யூ' என்ற வால் பெயரிலேயே இருந்தது. 2021-ல் 30 வரிசை வந்தபோது அந்த வாலும் போய்விட்டது. இப்போது நாம்தான் தேடிப் பார்க்க வேண்டும்.

"அப்ப அந்த நானூறு கிராம்ல என்ன மாமா இருக்கு?"

பெரும்பாலும் செம்பும் காற்றும். சிப்பிலிருந்து சூட்டை இழுத்துக்கொண்டு போகும் செம்புக் குழாய்கள், ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி நெருக்கமாக நிற்கும் தகடுகள், அவற்றின் மேல் ஊதும் இரண்டு ஃபேன். சிப் தின்னும் ஒவ்வொரு வாட்டும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். உடம்பு மெலிந்தால் தகடும் மெலியும், ஃபேனும் சின்னதாகும். சின்ன ஃபேன் அதே காற்றைத் தள்ள வேகமாகச் சுற்றும். அந்தக் கீச்சுச் சத்தம் லைப்ரரியில் நாலு மேஜை தாண்டிக் கேட்கும்.

இதில் சென்னைக்காரர்கள் கூடுதலாக ஒன்றை யோசிக்க வேண்டும். ஃபேன் ஊதுவது நம் அறையில் இருக்கிற காற்றைத்தான். ஏ.சி. போட்டு 24 டிகிரியில் வைத்த அறையில் சிப் 80 டிகிரியில் நிற்கிறது என்றால், அக்னி நட்சத்திரத்தில் 35 டிகிரியில் கொதிக்கிற மாடி அறையில் அது 90-ஐத் தாண்டும். அதற்கு மேல் போனால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 2019-ல் நான் ஆசைப்பட்டு வாங்கிய மெல்லிய லேப்டாப் ஒன்று மந்தைவெளியில் மொட்டைமாடிக்கு அடுத்த அறையில் மே மாதம் முழுக்க இதைத்தான் செய்தது. முதல் பத்து நிமிடம் வெண்ணெய் மாதிரி ஓடும், பிறகு இழுத்துக்கொண்டு கிடக்கும். பழுது என்று நினைத்து இரண்டு தடவை சர்வீஸுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். பழுது ஒன்றுமில்லை, சூடுதான். அறையில் ஏ.சி. இல்லாதவர்கள் மெல்லியதை வாங்க வேண்டாம் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது அதனால்தான்.

அதற்காக இருப்பதிலேயே கனமானதை வாங்க வேண்டும் என்றும் இல்லை. பைக்கில் நாற்பதிலிருந்து ஐம்பதுக்குப் போக ஆகும் பெட்ரோலை விட, எண்பதிலிருந்து தொண்ணூறுக்குப் போக அதிகம் ஆகும் இல்லையா? சிப்பும் அப்படித்தான். கடைசிக் கொஞ்சம் வேகத்துக்கு வோல்டேஜை ஏற்ற வேண்டும். வோல்டேஜ் ஏறினால் வாட் அதைவிட வேகமாக ஏறும். 45-லிருந்து 80 வாட்டுக்குப் போனால் கண்ணுக்கே வித்தியாசம் தெரியும். 100-ஐத் தாண்டிய பிறகு 4060-ல் கிடைக்கும் லாபம் ரொம்பக் கொஞ்சம். எனவே 80-லிருந்து 100 வாட் வரை தருகிற, இரண்டே கால் கிலோவுக்குள் நிற்கிற ஒன்றைத் தேடுவது புத்திசாலித்தனம்.

டீ வந்தது. அவன் அடுத்ததைக் கேட்டான்: "ட்ரெயின்ல உட்கார்ந்து விளையாட முடியுமா?"

இங்கேதான் 'எங்கேயும் எடுத்துப் போகலாம்' என்ற நினைப்பு உடைகிறது. கணக்கு போட்டுப் பார்க்கலாம். பேட்டரி 80 வாட்-ஹவர் என்று வைத்துக்கொள்வோம். விளையாடும்போது கிராபிக்ஸ், பிராசஸர், திரை எல்லாம் சேர்த்து 160 வாட் இழுத்தால் அரை மணி நேரம்தான். ஆனால் அவ்வளவு மின்சாரத்தை லேப்டாப் பேட்டரியிலிருந்து இழுக்கவே விடாது. பிளக்கைப் பிடுங்கியதும் வேகத்தைப் பாதிக்கும் கீழே இறக்கிவிடும். இன்னும் பெரிய பேட்டரி வைக்கலாமே என்றால், விமானத்தில் தனி அனுமதி கேட்காமல் கையோடு கொண்டுபோக 100 வாட்-ஹவர்தான் எல்லை. எவ்வளவு விலை கொடுத்தாலும் லேப்டாப் பேட்டரி 99 சொச்சத்தில் நின்றுவிடுவது அதனால்தான். ஆக, கேமிங் லேப்டாப் என்பது ஒரு பிளக் பாயிண்டிலிருந்து இன்னொரு பிளக் பாயிண்டுக்குத் தூக்கிப் போகிற மெஷின். வாங்குமுன் கேட்க வேண்டியது, நாம் விளையாடும் இடத்தில் பிளக் எங்கே இருக்கிறது, அதுவரை யார் தூக்குவது என்பதைத்தான்.

தூக்குவது என்றதும் காலையில் செய்தது நினைவுக்கு வந்தது. கிளம்புமுன் அவன் கல்லூரிப் பையைத் தெருமுனைப் பழைய பேப்பர் கடைத் தராசுக் கொக்கியில் மாட்டினோம். இரண்டு நோட்டு, எவர்சில்வர் டிபன் பாக்ஸ், ஒரு லிட்டர் தண்ணீர், குடை: மூன்றரை கிலோ காட்டியது. அதோடு 2.4 கிலோ லேப்டாப். அதோடும் முடியவில்லை, எடை போட்டிருக்கும் அட்டையில் சார்ஜரைச் சேர்ப்பதில்லை. கடையில் 230 வாட் அடாப்டரைக் கையில் வாங்கிப் பார்த்தானே, செங்கல்லைப் பாதியாக அறுத்த மாதிரி, ஒயரோடு முக்கால் கிலோவுக்குக் குறையாது. எல்லாம் சேர்த்தால் ஆறரை கிலோவைத் தாண்டுகிறது. இதைத் தோளில் போட்டுக்கொண்டு தினமும் திருமயிலை நிலையத்துப் படி ஏறி, திருவான்மியூரில் இறங்கி, பஸ்ஸில் நின்றுகொண்டே போக வேண்டும். முதல் வாரம் உற்சாகத்தில் தெரியாது. அடுத்த மாதம் லேப்டாப் வீட்டிலேயே இருந்துவிடும். அந்த அடாப்டரின் பிளக்கையும் பார்க்கச் சொன்னேன். பெரியவற்றோடு சில சமயம் தடித்த 16 ஆம்பியர் மூன்று முள் பிளக் வருகிறது. வகுப்பறையிலும் ஹாஸ்டலிலும் இருப்பது சின்ன சாக்கெட், உள்ளேயே போகாது.

வீட்டில் மட்டும்தான் விளையாட்டு, வெளியில் குறிப்பெடுப்பதோடு சரி என்கிறவர்களுக்கு நான் கேமிங் லேப்டாப்பே சொல்லமாட்டேன். அதே காசில் ஒரு நல்ல டெஸ்க்டாப், கூடவே பழைய லேசான லேப்டாப் ஒன்று. டெஸ்க்டாப் சூட்டையும் தாங்கும், நாலு வருடம் கழித்து கார்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். இவனுக்கு அது சரிவராது. செய்த ப்ராஜெக்டைக் கல்லூரியில் ஓட்டிக் காட்ட வேண்டும், வீட்டிலும் மேஜை போட இடமில்லை.

14 அங்குலத்தில் ஒன்றரைக் கிலோ சொச்சத்துக்கு நல்ல மெஷின்கள் வருகின்றன. 2020-ல் ஆசுஸ் ஜெஃபிரஸ் ஜி14 பிரபலமாக்கிய வழி. கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராது. ஆனால் விலை கூட, 2024-க்குப் பிறகான ஜி14-ல் ரேம் போர்டிலேயே பற்றவைத்து வருகிறது. 16 ஜிபி என்று வாங்கினால் கடைசிவரை 16 ஜிபிதான். தடித்த லேப்டாப்களில் பெரும்பாலும் ஸ்லாட் இருக்கும். இதே தெருவில் பத்து நிமிடத்தில் மாற்றித் தருவார்கள். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிக் கிடப்பதால், விலை இறங்கும்போது போட்டுக்கொள்ள ஒரு காலி ஸ்லாட் இருப்பது பெரிய நிம்மதி.

கிளாஸை வைத்துவிட்டு மூன்றாவது கடைக்கே திரும்பினோம். அங்கே 2.2 கிலோவில் ஒன்று இருந்தது. கடைக்காரரிடம் என்விடியா கண்ட்ரோல் பேனலைத் திறக்கச் சொல்லி, சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் மேக்ஸிமம் கிராபிக்ஸ் பவர் என்ற வரியை அவனையே படிக்கச் சொன்னேன். 95 வாட். இன்னும் ஒன்று பாக்கி. என் பையிலிருந்த 65 வாட் டைப்-சி சார்ஜரை எடுத்துக் கொடுத்தேன். இதில் சார்ஜ் ஏறினால் கல்லூரிக்கு உள்ளங்கை அளவு சார்ஜர் போதும், செங்கல் வீட்டு மேஜைக்கு அடியிலேயே கிடக்கலாம். எல்லா மாடலிலும் ஏறாது. டைப்-சி ஓட்டை இருப்பதாலேயே சார்ஜ் ஆகிவிடும் என்று நம்பக் கூடாது.

சொருகினான். ஒரு நொடி ஒன்றுமில்லை. பிறகு ஓரத்தில் சின்ன வெள்ளை விளக்கு எரிந்தது. கடைக்காரர் பில் புத்தகத்தை எடுக்க, அவன் முதுகுப் பையைக் கழற்றி, டிபன் பாக்ஸை ஓரமாகத் தள்ளி இடம் பண்ணத் தொடங்கினான்.