சாடியில் மருள் வளர்த்தல்

மருள் என்பது இலங்கையின் வறண்ட பகுதிகளிலுள்ள பற்றைகளிலே தானாக வளரும் சதைப்பற்றுள்ள செடியாகும். தாவரநூலார் இதற்குச் சன்சிவேரியா சிலானிக்கா எனப் பெயரிட்டனர். அப்பெயரின் பிற்பகுதி இலங்கையையே குறிக்கும். அண்மைக்கால ஆராய்ச்சியாளர் இதனைத் திரசீனா என்னும் சாதியுடன் சேர்த்துள்ளனர். வாய்க்கால் போல நடுவே குழிந்த தடித்த இலைகள், நிலத்தடித் தண்டிலிருந்து கொத்தாக எழும். முன்னாளில் இவ்விலைகளிலிருந்து நார் எடுத்துக் கயிறும் வில்நாணும் திரித்தனர். மலைநாட்டுத் தும்பறைப் பாய்களுக்கும் இந்நார் பயன்பட்டது.

பூஞ்செடி விற்போரிடம் இன்று பெரும்பாலும் கிடைப்பது இதன் உறவான மேற்கு ஆபிரிக்கச் செடியாகும். அதன் இலை வாள் போலத் தட்டையாக நிமிர்ந்து நிற்கும். சிலவற்றில் ஓரம் மஞ்சளாக இருக்கும். பராமரிப்பு இரண்டிற்கும் ஒன்றே.

பயிர் வாடினால் நீர் இறைப்பதும், மெலிந்தால் பசளை இடுவதும் கமக்காரருக்குக் கைவந்த பழக்கம். வெங்காயத்திற்கும் மிளகாய்க்கும் அது பொருந்தும். விறாந்தையில் உள்ள மருளுக்கோ அப்பழக்கமே பகையாகும். சாடியில் வளரும் மருள் நீரின்மையால் இறப்பது அரிது. நீர் மிகுதியாலேயே பெரும்பாலும் அழுகி அழிகின்றது.

இதன் காரணத்தை அறிதல் நன்று. நெற்பயிர் பகலிலே இலைவாய்களைத் திறந்து காபனீரொட்சைட்டை உட்கொள்ளும். அவ்வேளையில் அதன் நீர் ஆவியாக வெளியேறும். மருள் அவ்வாறன்றி இரவிலே இலைவாய்களைத் திறந்து, உட்கொண்ட வாயுவை அமிலமாகச் சேமித்து வைத்து, பகலில் அவற்றைப் பெரும்பாலும் மூடிக்கொள்ளும். ஆகையால் அது இழக்கும் நீர் மிகச் சொற்பம். வேண்டிய நீர் இலையிலேயே இருக்க, நாம் மேலும் ஊற்றும் நீர் வேரடியில் தேங்கி நிற்கும். காற்றுப் புகாத மண்ணில் வேர் மூச்சடைத்து அழுகும்.

சண்டிலிப்பாயில் வழுக்கையாற்றை அண்டிய வயல்களின் மண் நீரைப் பிடித்து வைப்பது. நெல்லுக்கு அது நன்மை. அம்மண்ணைச் சாடியில் இடலாகாது. தோட்டச் செம்மண் ஒரு பங்குக்குக் கழுவிய பருமணல் ஒரு பங்கு, சிறு செங்கற்றுண்டு அல்லது உமிக்கரி ஒரு பங்கு எனக் கலந்துகொள்க. கடல் மணலாயின் உப்பு நீங்கும்வரை பலமுறை கழுவுதல் வேண்டும். சாடியின் அடியில் துளை இன்றியமையாதது. மண்சாடியே சிறந்தது, அதன் சுவர் வழியாகவும் ஈரம் வெளியேறும்.

விரலை இரண்டு அங்குலம் மண்ணுள் செலுத்திப் பார்த்து, முற்றும் உலர்ந்திருந்தால் மட்டுமே நீர் ஊற்றுக. நாட்கணக்கு வைத்து ஊற்றுதல் தவறு. ஐப்பசி முதல் மார்கழி வரை பெருமழை பெய்யும் காலத்தில் சாடியை ஓட்டுநீர் விழாத இடத்திற்கு மாற்றுதல் வேண்டும். அம்மாதங்களில் ஊற்றாமலே விட்டாலும் பெரும்பாலும் கேடில்லை. நமது கிணற்று நீர் சுண்ணாம்பு மிக்கது. அது இலையிற் படிந்து வெண்கறை உண்டாக்கும். இயன்றால் மழைநீரைச் சேமித்து வைத்து உபயோகிக்கலாம்.

பலரை ஏமாற்றும் அறிகுறி ஒன்று உண்டு. வேர் அழுகிய செடியின் இலை மஞ்சளித்துச் சாயும்; வரட்சியால் வாடியது போலவே தோன்றும். இரங்கி நீர் ஊற்றுவோர் அதன் அழிவை விரைவுபடுத்துகின்றனர். இலையின் அடியைத் தொட்டுப் பார்க்க. அது குழைந்து துர்நாற்றம் வீசினால் அழுகலே. உறுதியாக இருந்து சுருங்கியிருப்பின் மட்டுமே தாகம். அழுகிய செடியைப் பிடுங்கி, நோயுற்ற பாகத்தைக் கூரிய கத்தியால் முற்றாக நீக்கி, எஞ்சியதை நிழலில் நான்கைந்து நாள் உலரவிட்டு, புதிய மண்ணில் நடுக.

பசளையும் அவ்வாறே மிதமாக வேண்டும். வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுந்திருப்பதற்கு அளவுக்கு மிஞ்சிய பசளையும் ஒரு காரணம். மருளுக்கு ஆண்டுக்கொருமுறை ஒரு பிடி மக்கிய எரு போதும்.

இனப்பெருக்கத்திற்கு இலையை மூன்று அங்குலத் துண்டுகளாக வெட்டி, வெட்டுவாய் உலர்ந்தபின் நடலாம். அடிப்புறம் கீழே இருத்தல் வேண்டும். தலைகீழாக நட்டால் வேர் விடாது. மஞ்சட்கரைச் செடியை இலைத் துண்டால் பெருக்கினால் கரையில்லாத பச்சைச் செடியே கிடைக்கும். கரை வேண்டுவோர் பக்கக் கன்றைப் பிரித்து நடுதல் வேண்டும்.

இச்செடி அறைக் காற்றைத் தூய்மையாக்கும் என்ற பேச்சு, 1989ஆம் ஆண்டு அமெரிக்க விண்வெளி நிறுவனம் வெளியிட்ட சோதனையிலிருந்து பரவியது. அச்சோதனை நடந்தது மூடிய சிறு கூண்டில். வீட்டில் அப்பணியைத் திறந்த சன்னல் மிக நன்றாகச் செய்யும். இலையில் சப்போனின் என்னும் நச்சுப்பொருள் உண்டாதலால் ஆடும் குழந்தைகளும் எட்டாத இடத்தில் வைக்க.

நிலத்தடித் தண்டு பெருத்துச் சாடியைப் பிளப்பதும் உண்டு. அப்போது பெரிய சாடிக்கு மாற்றாது, செடியை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியை அயலவருக்குக் கொடுக்கலாம்.