எல்லைக்கு அப்பால் ஒரு வீடு: பத்மநாபபுரம் அரண்மனையும் தமிழர் தொண்டும்

அருங்காட்சியகம் இருவகைப்படும். பல ஊர்ப் பொருள்களைக் கொண்டுவந்து ஒரு கட்டிடத்தில் அடுக்கி வைப்பது ஒரு வகை. ஒருவர் வாழ்ந்த வீட்டையே அப்படியே காட்டுவது மற்றொரு வகை. இதனை இல்ல அருங்காட்சியகம் எனலாம். முதல் வகையில் கூரை ஒழுகினால் பொருளை அடுத்த அறைக்கு நகர்த்திவிடலாம். இரண்டாம் வகையில் ஒழுகுகிற கூரையே காட்சிப் பொருள். அதை எங்கே நகர்த்துவது? ஆகவே இங்கே காவல் மட்டும் போதாது, தினப்படி பராமரிப்பு வேண்டும். சம்பள ஆட்களால் மட்டும் அது முடியாது என்பதை உலகம் முன்னமே கண்டுகொண்டது.

அமெரிக்காவில் ஜார்ஜ் வாஷிங்டன் வாழ்ந்த மவுண்ட் வெர்னன் மாளிகை வர்ஜீனியா மாநிலத்தில் உள்ளது. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் அது சிதைந்து கிடந்தது. மத்திய அரசும் வாங்கவில்லை, மாநில அரசும் வாங்கவில்லை. 1853-இல் ஆன் பமேலா கன்னிங்ஹாம் என்ற அம்மையார் பெண்களைத் திரட்டி ஒரு சங்கம் அமைத்தார். அவர் வர்ஜீனியாக்காரர் அல்லர், தென் கரோலினாவைச் சேர்ந்தவர். ஊர் ஊராகப் பணம் திரட்டி, 2,00,000 டாலர் விலை பேசி 1858-இல் ஒப்பந்தம் செய்து, 1860-இல் வீட்டைக் கைக்கொண்டார்கள். இன்றும் அந்தச் சங்கமே அதை நடத்தி வருகிறது. வேறு மாநிலத்துக்காரர் எடுத்த முயற்சி என்பதை வாசக அன்பர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். நம்ம கதைக்கு அதுதான் தேவை.

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் சாலையில் சுமார் 55 கிலோமீட்டர் போனால் தக்கலை. அதற்குப் பக்கத்தில், வேளிமலை அடிவாரத்தில் பத்மநாபபுரம் அரண்மனை. பழைய பெயர் கல்குளம். 1600-ஐ ஒட்டித் தொடங்கிய கட்டிடங்களை 18-ஆம் நூற்றாண்டில் மார்த்தாண்ட வர்மா விரிவாக்கினார். பூமுகம், மந்திரசாலை, தாய்க் கொட்டாரம், ஊட்டுப்புரை, நான்கு நிலை உப்பரிகை மாளிகை என்று ஆறு ஏக்கருக்கு மேல் பரந்து நிற்கிறது. பெரும்பாலும் மரம்தான். கரு நிறத்தில் பளபளக்கும் தரையில் சிரட்டைக் கரியும் சுண்ணாம்பும் முட்டை வெள்ளையும் சேர்த்திருப்பதாகச் சொல்றாங்க. 1795-இல் தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறியதும் அரண்மனை மவுசு இழந்தது. 1930-களில் சித்திரைத் திருநாள் மகாராஜா காலத்தில்தான் அது பாதுகாக்கப்பட்ட அருங்காட்சியகமாயிற்று.

1956 நவம்பர் 1-ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தது. அரண்மனை மட்டும் கேரள அரசின் பொறுப்பில் நின்றது. இன்றும் கேரளத் தொல்லியல் துறையே பராமரிக்கிறது. தமிழ்நாட்டு மண்ணில் ஒரு கேரள வீடு அது. கேரள மண்ணில் குடியிருக்கும் தமிழர் நாம். ‘அது யாருடையது’ என்று கேட்பவர் இரு பக்கமும் உண்டு. ‘அதை யார் பாக்கணும்’ என்று கேட்பவர் குறைவு. இரண்டு மொழியும் தெரிந்த நாமே அதற்குப் பொருத்தமானவர்கள் என்பது என் துணிபு.

மரவீடு எப்படிக் கெடுகிறது என்று பார்ப்போம். இடவப்பாதி மழையில் ஓர் ஓடு நகர்ந்தால் உத்தரத்தின் நுனி நனையும். நனைந்த மரம் காய்வதற்குள் மறுபடி மழை. ஈரம் கண்ட இடத்தில் பூஞ்சை, அடியிலிருந்து கரையான். சுவரோவியத்துக்குப் பகை மனிதனின் கைதான். விரலில் உள்ள எண்ணெயும் வியர்வையும் வண்ணத்தைக் கெடுக்கும். தரைக்குப் பகை மணல். அதனால்தான் அங்கே செருப்பைக் கழற்றச் சொல்கிறார்கள். பார்வையாளரின் முதல் தொண்டு அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது.

தொண்டர் செய்யக் கூடாதது ஒன்று உண்டு: பழுது பார்ப்பது. ஆணி அடிப்பதும் வார்னிஷ் பூசுவதும் துறை வல்லுநர் வேலை. அன்பு மிகுதியால் பூசிய வண்ணம் பகைவன் செய்த சேதத்தைவிடப் பெரிதாக முடியும். செய்யத்தக்கவை நான்கு. துறையின் அனுமதியோடு குறித்த இடங்களை ஆண்டுதோறும் ஒரே கோணத்தில் படமெடுத்துத் தேதியிட்டு வைப்பது. மழைக்கு முன்னும் பின்னும் ஒழுக்கு, கரையான் தடம் கண்டு எழுதிக் கொடுப்பது. கூட்டம் மிகுந்த நாளில் அறைக்கு ஒருவராக நின்று வழிகாட்டுவது. பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழிலும் மலையாளத்திலும் விளக்குவது.

இதில் முதலாவதே முதன்மை. சாலைக் கடைத்தெருவில் பாத்திரக் கடை வைத்திருப்பவன் நான். இருப்பு எடுக்காத கடையில் எது போச்சு என்றே தெரியாது. போனது தெரியாதவன் தேடவும் மாட்டான். பழைய வீட்டுக்கும் இதே கணக்குத்தான்.

பிறர் வீட்டை நாம் ஏன் பார்க்க வேண்டும் என்பார்க்கு ஒரு விடை. மார்த்தாண்டத்துக்கு அருகே சிதறால் மலையில் 9-ஆம் நூற்றாண்டில் சமணப் பள்ளி சிறந்திருந்தது. பாறையில் தீர்த்தங்கரர் உருவங்கள் இன்றும் உள்ளன. அவ்விடம் பிற்காலத்தில் பகவதி கோயிலாயிற்று. நாகர்கோவில் நாகராஜா கோயில் தூண்களிலும் பார்சுவநாதர், மகாவீரர் உருவங்கள் உண்டு. நூற்றாண்டுகளாக அங்கே விளக்கேற்றியவர் சமணர் அல்லர். அவங்க இடிக்காமல் விட்டதால்தான் சமணனாகிய நான் இன்று போய்க் கும்பிட முடிகிறது. அந்தக் கடன் எனக்கு உண்டு.

நம்முடையது என்று பெருமை பேசினால் மட்டும் வீடு நிற்காது. சென்னைத் திருவல்லிக்கேணியில் உ.வே.சாமிநாதையர் வாழ்ந்த ‘தியாகராஜ விலாசம்’ 2012-இல் இடிபட்டது. அவரைத் தமிழ்த் தாத்தா என்று போற்றாத மேடை இல்லை. வீடு மட்டும் இல்லை.

ஆண்டுதோறும் நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்துச் சரஸ்வதி அம்மன் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் வருகிறாள். கம்பர் வழிபட்ட திருவுரு என்பது மரபு. உப்பரிகை மாளிகையில் உடைவாள் கைமாறும். வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் உடன் வருவர். குழித்துறையிலும் நெய்யாற்றின்கரையிலும் தங்கி எல்லை கடந்து வரும் அம்மனைக் கோட்டைவாசலில் நின்று நாம் வரவேற்கிறோம். அம்மன் புறப்பட்டு வரும் வீட்டுக்கு நாமும் ஒருமுறை போக வேண்டாமா?

என் வேண்டுகோள் சிறியது. நம் சங்கத்தில் இருபது பேர், ஆண்டுக்கு இரண்டு நாள்: இடவப்பாதிக்கு முன் ஒன்று, ஐப்பசி மழைக்குப் பின் ஒன்று. முதலில் துறைக்கு ஒரு விண்ணப்பம், பிறகு ஒரு பேரேடு. ஒரு பக்கம் தமிழிலும் மறு பக்கம் மலையாளத்திலும் எழுதுவோம். நமக்குப் பின் வருவோர் அதைப் புரட்டிப் பார்த்து, எது இருந்தது, எது இருக்கிறது என்று கணக்குச் சொல்லட்டும்.