"எனக்குக் குழந்தை பிறக்குமா டாக்டர்?" கர்ப்பப்பை வாய் புற்றுநோய் வந்த பெண்கள் சிகிச்சைக்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி!

தாம்பரத்தில் இருந்து பீச் செல்லும் காலை நேர மின்சார ரெயில். பெண்கள் பெட்டியில் ஜன்னல் ஓரம் ஒரு இளம்பெண். மடியில் துணிப்பை. பைக்குள் ஸ்கேன் ரிப்போர்ட். கிண்டியில் இறங்கி அடையாறு பக்கம் பஸ் பிடிக்க வேண்டும். இப்படி ஒரு பெண்ணை நீங்களும் பார்த்திருக்கலாம்.

புற்றுநோய் என்று டாக்டர் சொல்லிவிட்டார். "பிழைப்பேனா?" என்று கேட்டாகிவிட்டது. இன்னொரு கேள்வி தொண்டையிலேயே நிற்கிறது. கல்யாணம் ஆகி இரண்டு வருடம்தான். இனி குழந்தை?

"முதல்ல உசிரு பொழைக்கட்டும்மா. புள்ளையப் பத்தி அப்புறம் பாத்துக்கலாம்" என்பார் பக்கத்தில் இருக்கும் மாமியார். நல்ல மனதோடு சொல்வதுதான். ஆனால் அந்த "அப்புறம்" என்ற சொல்லில்தான் வினையே இருக்கிறது.

ஆபரேஷனுக்கு முன்னால், கரண்ட் வைப்பதற்கு முன்னால் கேட்டால் வழி இருக்கலாம். எல்லாம் முடிந்த பிறகு கேட்டால், பல நேரங்களில் டாக்டரிடம் பதில் இருக்காது.

அன்று 12 படுக்கை

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்த வேதனையில் பிறந்ததுதான் அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி. 1954-ல் அது தொடங்கியபோது இருந்தவை 12 படுக்கைகள். அடுத்த வருடமே அங்கே வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021-ல் மறையும் வரை அந்த ஆஸ்பத்திரியே வாழ்க்கை என்று இருந்தார்.

1980-களில் சென்னைப் பெண்களைத் தாக்கிய புற்றுநோய்களில் முதல் இடம் கர்ப்பப்பை வாய் புற்றுநோய்க்குத்தான். இப்போது அந்த இடத்தை மார்பகப் புற்றுநோய் பிடித்துவிட்டது.

அந்தக் காலத்தில் பெண்கள் நோய் முற்றிய பிறகே வந்தார்கள். உயிரைக் காப்பதே பெரும்பாடு. குழந்தையைப் பற்றி யார் கேட்பது? இன்றும் பலர் முற்றிய நிலையில்தான் வருகிறார்கள். ஆனால் ஆரம்பத்திலேயே வருகிறவர்களுக்கு இன்று வேறு கதை.

எல்லாம் அளவில் இருக்கிறது

கர்ப்பப்பையை ஒரு குடம் என்று வைத்துக் கொள்ளுங்கள். நோய் வருவது குடத்தின் வாயில். குழந்தை வளர்வது குடத்தின் வயிற்றில். வாயோடு நோய் நின்றிருந்தால், குடத்தைக் காப்பாற்ற முடியுமா என்று பார்க்கலாம்.

நோய் 3 மில்லி மீட்டர் ஆழம்கூட இறங்காத ஆரம்ப நிலையா? பல பெண்களுக்கு அந்த இடத்தை மட்டும் கூம்பு போல வெட்டி எடுத்தாலே போதும். கர்ப்பப்பை தப்பும்.

அதைவிடப் பெரிது, ஆனால் 2 சென்டி மீட்டருக்குள் என்றால்? கர்ப்பப்பை வாயை மட்டும் அகற்றி, மேல் பாகத்தை விட்டுவைக்கும் ஆபரேஷன் இருக்கிறது. பெயர் டிரக்கலெக்டமி. பிரான்ஸ் நாட்டு லியோன் நகரில் டேனியல் டார்ஜான் என்ற டாக்டர் 1987-ல் தொடங்கி வைத்த முறை இன்று உலகெங்கும் செய்யப்படுகிறது. நெறிக்கட்டிகளுக்கு நோய் பரவவில்லை என்று உறுதி செய்துகொண்டே இதைச் செய்வார்கள்.

பிறகு 6 மாதம் முதல் ஒரு வருடம் வரை பொறுத்திருக்கச் சொல்வார்கள். கர்ப்பம் தரித்தால் குறைமாதப் பிரசவ அபாயம் அதிகம். கர்ப்பப்பையின் அடியில் தையல் போட்டிருப்பதால் சிசேரியன்தான். ஆனாலும் இப்படிப் பிழைத்து, குழந்தையும் பெற்ற தாய்மார்கள் உலகில் பலர்.

கரண்ட் வைக்க வேண்டும் என்றால்?

கட்டி பெரிதாக இருந்தால் கர்ப்பப்பையை எடுக்க வேண்டும், அல்லது கரண்ட் வைக்க வேண்டும். இதில் பிடிவாதம் கூடாது. பிள்ளை ஆசைக்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போட்டால் உயிருக்கே உலை.

இந்த நோய்க்கு முழு அளவில் கரண்ட் வைத்தால், கர்ப்பப்பை குழந்தையைச் சுமக்கும் சக்தியை இழக்கிறது. சினைப்பைகளும் செயல் இழந்து, இளம் வயதிலேயே மாதவிலக்கு நின்றுவிடும்.

இங்கேதான் முன்கூட்டியே கேட்பதன் பலன் தெரியும். சினைப்பைகளைக் கதிர் படாத இடத்துக்கு மேலே தூக்கி வைத்துத் தைக்கலாம். கருமுட்டைகளை எடுத்து உறைய வைக்கலாம். கல்யாணம் ஆனவர் என்றால் கருவாகவே உறைய வைக்கலாம். முட்டை எடுக்க ஊசி போட்டு முடிக்கச் சுமார் இரண்டு வாரம் ஆகும். அந்த அவகாசம் இருக்கிறதா என்பதைப் புற்றுநோய் டாக்டர்தான் சொல்ல வேண்டும். செலவும் உண்டு. பாதுகாத்து வைக்கும் கட்டணத்தையும் முதலிலேயே விசாரித்துக் கொள்வது நல்லது.

கர்ப்பப்பை இல்லாதவருக்கு வாடகைத் தாய் வழி இருக்கிறது. 2021-ம் வருடச் சட்டப்படி பணத்துக்காக அதைச் செய்யக் கூடாது. மருத்துவச் செலவும் இன்சூரன்சும் மட்டுமே தரலாம். மனைவிக்கு 23 முதல் 50, கணவருக்கு 26 முதல் 55 வயதுக்குள் இருக்க வேண்டும். சுமப்பவர் கல்யாணமாகி, சொந்தக் குழந்தை உள்ளவராக இருக்க வேண்டும். தத்தெடுக்கும் வழியும் திறந்தே இருக்கிறது.

வினிகர் சோதனை

நோய் எந்த அளவில் பிடிபடுகிறது என்பதில்தான் எல்லாம் அடங்கி இருக்கிறது. திண்டுக்கல் மாவட்டம் இதற்குச் சாட்சி. 2000-ம் வருடம் தொடங்கி, அங்கே 30 முதல் 59 வயது வரையான 31 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை நர்சுகள் சோதித்தார்கள். வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலத்தைத் தடவிப் பார்க்கும் எளிய சோதனை. ஒரே ஒரு முறைதான். சோதனைக்கு அழைக்கப்பட்ட பெண்களிடையே இந்த நோயால் சாவது 35 சதவீதம் குறைந்தது என்று 2007-ல் வெளியான முடிவு சொன்னது.

அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் 30 வயதைத் தாண்டிய பெண்களுக்கு இந்தச் சோதனை இலவசம். தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், பெருங்களத்தூர் பெண்களே, வேலைக்கு ஒரு அரை நாள் லீவு போட்டால் முடிகிற காரியம்! தாம்பத்திய உறவுக்குப் பின் ரத்தம், இரண்டு மாதவிலக்குக்கு நடுவில் ரத்தம், துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல் என்றால் 30 வயது வரை காத்திருக்கவே கூடாது.

கணவன்மார்களுக்கும் ஒரு வார்த்தை. இந்த நோய்க்குக் காரணம் எச்.பி.வி. என்ற வைரஸ். தாம்பத்திய உறவில் ஈடுபடும் பெரும்பாலோருக்கு, ஆணோ பெண்ணோ, எப்போதாவது ஒட்டிக் கொள்வதுதான். பல வருடம் உடம்பில் பதுங்கியும் இருக்கும். "உனக்கு இது எப்படி வந்துச்சு?" என்று மனைவியைச் சந்தேகப்பட்டு அழவைப்பது அறியாமை.

சீட்டில் எழுதிக் கொள்ளுங்கள்

டாக்டர் முன்னால் போய் நின்றால் பாதி மறந்துவிடும். ஆகவே நான்கு கேள்விகளைச் சீட்டில் எழுதி எடுத்துப் போங்கள்.

நோய் எந்த நிலையில் இருக்கிறது, எத்தனை சென்டி மீட்டர்?

கர்ப்பப்பையைக் காப்பாற்ற வழி உண்டா?

இல்லை என்றால், சினைப்பையையோ முட்டையையோ பாதுகாக்க முடியுமா?

அதற்காகச் சிகிச்சையை எத்தனை நாள் தள்ளலாம், அதனால் உயிருக்கு ஆபத்து உண்டா?

எல்லோருக்கும் சாதகமான பதில் வராது. ஆனால் கேட்காமல் இருந்துவிட்டு, "அப்பவே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்று பிறகு காலமெல்லாம் வருந்துவதைவிடக் கேட்டுவிடுவது மேல். வெட்கப்பட இதில் எதுவும் இல்லை. மருமகளுக்கு வாய் வரவில்லையா? மாமியாரே கேட்கட்டும்!